ஒட்டுக்குக் கீழே முளைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. கால்வாசி இந்தப் பஸ் கண்டக்டர் போன வாரம் சொன்னது. முக்கால்வாசி மலைமேல் வெள்ளையம்மாள் என்கிறவர் இன்று காலையில் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துவராத இடத்தில் ஒத்துவரவில்லை என்றே சொல்லிவிடுவேன். நானாக எதையும் சேர்க்க மாட்டேன்.

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே கேளுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, இறங்க இறங்க எண் குறையும், இப்போதுதான் அறுபத்தெட்டு. கண்ணை மூடினால் இன்னும் குமட்டும். கவர் வேண்டுமென்றால் கையைத் தட்டுங்கள், என்னிடம் மூன்று இருக்கிறது.

பையில் என்ன வாசனை என்று கேட்டீர்களே, சுண்டை வற்றல். மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தது. இதை வாங்க நான் மலைக்குப் போகவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போனேன். கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என் பெயர் வான்மதி. பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சான்றிதழ்கூட இந்தப் பையில்தான் இருக்கிறது, லேமினேட் செய்தது. எதற்கு என்று கேட்காதீர்கள், எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவேன். அடிவாரத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் விவசாயிகளுக்கு விளக்கம் சொல்கிற வேலை. ஒட்டுக் கத்தரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? சுருக்கமாகச் சொல்கிறேன்.

கத்தரிக்கு வேர் பலவீனம். மண்ணில் வாடல் நோய் இருந்தால் ஒரே வாரத்தில் தலை தொங்கிவிடும். மலைச்சுண்டை இருக்கிறதே, காட்டோரத்தில் முள்ளோடு தானாக நிற்கும், அதை அந்த நோய் அவ்வளவு சுலபத்தில் தொடாது. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அதனால் சுண்டை நாற்றின் தலையை வெட்டிவிட்டு, அதன்மேல் கத்தரிக் குருத்தைச் சீவிச் செருகி, ஒரு சின்ன கிளிப் போட்டுவிடுவோம். பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். கீழே சுண்டை, மேலே கத்தரி. அவ்வளவுதான்.

இதை நான் நன்றாக விளக்குவேன். என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் முதலாளியே சொல்லியிருக்கிறார். தை மாதம் ஒருநாள் மலையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன்: "இது வெளியூர்லேர்ந்து வந்த செடிங்க. இதால சொந்த வேர்ல நிக்க முடியாது. அதனால உங்க மலை வேர்ல ஒட்டவெச்சுட்டோம். சாப்பாடெல்லாம் அந்த வேர்தான் போடும்."

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல உதாரணம் இல்லையா? அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே சொல்கிறேன், சட்டென்று புரிந்துவிடுகிறது. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நான் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பாடத்தில் கவனமாக இருக்கிறார் என்று நினைத்தேன். அவர்தான் நல்லதம்பி. நூற்றிருபது நாற்று எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டோட மாப்பிள்ளை என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் உதாரணம் அறிவியல்படி சரிதான்.

கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா, இந்த டிரைவர் இங்கே ஒரு வெட்டு வெட்டுவார். ஆ, ஆயிற்று.

நல்லதம்பிக்குச் சொந்த ஊர் கீழே. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஊற்றுக்குழி என்கிற இந்த மலையூருக்கு இவருடைய பெரியப்பா மகன் பெண் பார்க்க வந்தான். பலாப்பழம் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தவர் இவர். மாப்பிள்ளைக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம், மறுநாளே இறங்கிவிட்டான். பலாப்பழம் தூக்கி வந்தவர் இறங்கவில்லை. வெள்ளையம்மாளின் அப்பா பார்த்தார், மகளை இவருக்கே கட்டிவைத்துவிட்டார். அந்த வீட்டுக்கு மேல்வீடு என்று பெயர். அதன் பின்கட்டில்தான் அன்றிலிருந்து இவர் குடித்தனம்.

ஊற்றுக்குழியில் ஆடிக் கடைசியில் கோயில் விருந்து உண்டு. பதினேழு வீடு. ஒவ்வொரு வீட்டு ஆணும் தன் கையால் நட்ட காயைக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் போட வேண்டும். போடும்போது பூசாரி வீட்டுப் பெயர், ஆள் பெயர், காய், மூன்றையும் சத்தமாகச் சொல்வார். "மேல்வீட்டுச் செம்பன், பூசணி!" உடனே மேளம் ஒரு அடி. அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த ஒரு அடி மேளத்துக்காக ஆட்கள் வருஷம் பூராவும் பேசுவார்கள்.

நல்லதம்பிக்கு இருபத்தாறு வருஷமாக அந்த அடி கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். மாமனார் இருந்தவரை மாமனார் பெயர். அவருக்குப் பிறகு மச்சான் செம்பன் பெயர். இவர் விறகு சுமப்பார். "வெள்ளையம்மா புருஷன் விறகு போட்டாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். போட்டாச்சு என்பார். விருந்தில் அவருடைய பங்கு அதோடு சரி.

போன வருஷம் நிலம் பாகம் பிரிந்தது. வெள்ளையம்மாளுக்கு நாற்பது சென்ட் வந்தது. தனி நிலம் இருந்தால் தனிப் பெயர் உண்டு என்று பூசாரியே சொல்லிவிட்டார். நட்டுக் காய் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. அதில்தான் சிக்கல். இவர் கை வைத்த எதுவும் அந்த மலையில் விளைந்ததில்லை. அவரைக்கொடி வைத்தார், பூச்சி. தக்காளி வைத்தார், வாடல். செம்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாப்ள, அடுத்து கல்லை நட்டுப் பாரு, அதுவாச்சும் சாவாம இருக்கும்" என்பாராம்.

அதனால்தான் வாடாத கத்தரியைத் தேடிக் கீழே இறங்கினார். நூற்றிருபது நாற்றையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று கண்டக்டர் சொல்கிறார். நூற்றிருபது நாற்று மடியில் கொள்ளாது. அதை நீங்கள் கழித்துவிடுங்கள்.

நடுகிற அன்று என்ன நடந்தது என்று வெள்ளையம்மாள் சொன்னதைச் சொல்கிறேன். துண்டுப்பிரசுரத்தை அவர் வரப்பில் உட்கார்ந்து இரண்டு தடவை சத்தமாகப் படித்தாராம். அதை எழுதியது நான்தான். ஒன்பதாவது குறிப்பு: 'ஒட்டுப் பகுதி தரைமட்டத்திலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் இருத்தல் வேண்டும்; ஒட்டுக்குக் கீழ் தோன்றும் தளிர்களை அவ்வப்போது அகற்றிவிடல் வேண்டும்.' எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள்.

படித்துவிட்டு, குழி வெட்டி, எரு போட்டு, நாற்றை வைத்தார். வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். நூற்றிருபது செடியிலும் கிளிப் பளபளவென்று தெரிகிறது. தண்டில் வெட்டுக்காயம் மாதிரி ஒட்டுத் தெரிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பன் வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, செடிக்கெல்லாம் கம்மல் போட்டிருக்கே?"

"புது ரகம் மச்சான்."

"அடியில ஒரு மாதிரி, மேல ஒரு மாதிரி தெரியுதே?"

"வெயில்ல அப்படித் தெரியும்."

செம்பன் போன பிறகு நல்லதம்பி மண்வெட்டியை எடுத்தார். ஒவ்வொரு செடிக்கும் ஒட்டு மறைகிற அளவுக்கு மண் அணைத்தார். பொழுது சாய்வதற்குள் ஒரு கிளிப்கூட வெளியே தெரியவில்லை.

அக்கா, அதைச் செய்யவே கூடாது! ஒட்டு மண்ணுக்குள் போனால் மேலே இருக்கிற கத்தரி மண்ணுக்குள் தானே புதிதாக வேர் விட ஆரம்பித்துவிடும். நோய் அதன் வழியாக ஏறிவிடும். கீழே இருக்கிற சுண்டையோ, தலை போனது போதும் என்று புதுத் தளிர் விடும். ஒட்டுக் கட்டியதன் பலனே போய்விடும். இன்று காலையில் அவரிடமே கேட்டேன், ஏன் மண் அணைத்தீர்கள் என்று. "வெளிய தெரிஞ்சுது பாப்பா" என்றார். என்ன தெரிந்தது என்று கேட்டேன். "ஒட்டுத்தான்" என்றார். எனக்கு இப்போதும் இது காரணமாகப் படவில்லை. படித்திருக்கிறார், இரண்டு தடவை, சத்தமாக. என் அறிக்கையில் 'அறியாமை' என்று எழுதிக்கொண்டேன். அதற்கு வேறு கட்டம் படிவத்தில் இல்லை.

நாற்பத்தொன்று தாண்டிவிட்டோம். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது உங்களுக்கு.

பங்குனியில் இரண்டு பறிப்புக் கத்தரிக்காய் வந்தது. வெள்ளையம்மாள் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து மேல்வீட்டு முன்கட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். செம்பன் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது பெரிய பாராட்டு என்று அர்த்தமாம். அன்றைக்கு நல்லதம்பி பூசாரியிடமே போய், "இந்த வருஷம் அண்டாவுக்கு நம்ம வீட்டுக் கத்தரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சித்திரையில் கோடைமழை பெய்தது. ஒரே வாரம். நூற்றிருபது கத்தரியும் வாடல் ஏறி, காயப்போட்ட துணி மாதிரி தொங்கிவிட்டது.

ஆனால் அடியிலிருந்து பச்சையாக ஏதோ வந்துகொண்டே இருந்தது. பெரிய இலை. கத்தரி இலை மாதிரிதான் இருக்கும், தெரியாதவர்களுக்கு. நல்லதம்பிக்குத் தெரியாமல் இல்லை. காய்ந்ததை ஒடித்துப் போட்டுவிட்டு, பச்சைக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். வெள்ளையம்மாள் கேட்டதற்கு, "மொட்டை நெலத்தைப் பார்த்துட்டு உங்கண்ணன் சிரிக்கிறதுக்கு, பச்சை நெலத்தைப் பார்த்துட்டுச் சிரிக்கட்டும்" என்றாராம்.

செம்பன் வேலியில் ஆஜர்.

"மாப்ள, கத்தரியில இவ்வளவு முள்ளா?"

"முள்ளுக் கத்தரி மச்சான்."

"பூ ஊதாவுல இல்ல வரணும்? வெள்ளையடிச்சுவெச்ச மாதிரி இருக்கு?"

"வெளுத்த ரகம்."

காய் கொத்துக்கொத்தாகப் பட்டாணி மாதிரி வந்தபோது செம்பன் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது?"

"குட்டைக் கத்தரி."

அதற்கப்புறம் ஊருக்கே தெரிந்துவிட்டது. செம்பன் டீக்கடையில் சொன்னது என்ன தெரியுமா? "நம்ம வேலியில கெடந்த சுண்டை, கீழ இறங்கிப்போய், தலையை வெட்டிக்கிட்டு, பஸ்ல மேல ஏறி வந்திருக்கு. எங்க மாப்ள அதுக்குக் குடம் குடமாத் தண்ணி ஊத்துறான்." பஸ் கண்டக்டர் இதைச் சொல்லும்போது அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. டிக்கெட் கிழிக்கவே மறந்துவிட்டார்.

நிஜமாகவே அதில் உண்மை இருக்கிறது. எங்கள் பண்ணைக்குச் சுண்டை விதை இந்த மலையிலிருந்துதான் வருகிறது.

ஆடிக் கடைசி வந்தது. மற்றவர்களாக இருந்தால் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் படுத்திருப்பேன். நல்லதம்பி விடியற்காலையில் விறகைச் சுமந்து போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, வேட்டி மாற்றி, ஒரு முறம் நிறையச் சுண்டைக்காய் பறித்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியாக நின்றார். வெள்ளையம்மாள் அவருக்குப் பின்னால். பூசணி, அவரை, வாழை, சேனை என்று ஒவ்வொன்றாக விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெயர், ஆள் பெயர், மேளம். கடைசியில் இவர் முறத்தை நீட்டினார்.

பூசாரி சடையன் எட்டிப் பார்த்தார்.

"இது காட்டுல கெடக்கிறது இல்லப்பா? காட்டுல பொறுக்கினது அண்டாவுல விழக் கூடாது. நட்டதா?"

இந்த இடத்தில்தான் அக்கா, நான் வெள்ளையம்மாளை இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பெயர் வந்துவிடும். இருபத்தாறு வருஷம் விறகு சுமந்ததற்கு ஒரு அடி மேளம். அவர் முறத்தில் இருந்த காயை ஒரு தடவை கையால் அளைந்தார். பிறகு சொன்னாராம்:

"நட்டது கத்தரிங்க. மேல இருந்தது செத்துப்போச்சு. அடியில இருந்தது வந்துடுச்சு."

ஊர் சிரித்தது. மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப இது நட்டதா, தானா வந்ததா?" என்றார் பூசாரி. யாருக்கும் தெரியவில்லை. உண்மையில், தாவரவியல்படியும் இது கொஞ்சம் கஷ்டமான கேள்விதான்.

வெள்ளையம்மாள் முன்னால் வந்தார். "குழி வெட்டுனது இவரு. எரு போட்டது இவரு. கொடம் தூக்கித் தோள் வீங்கிப்போய்க் கெடந்ததும் இவருதான். அப்புறம் எது வந்தா என்ன சாமி? எங்கப்பா வரச்சொன்னது ஒருத்தனை, வந்து நின்னது இன்னொருத்தரு. அதை நான் வேணாம்னா சொன்னேன்? இருபத்தாறு வருஷமா அதையே வெச்சுக் குடும்பம் நடத்தலையா?"

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பூசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு வேறு, விதி வேறு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "மேல்வீட்டுக்காரரு என்ன சொல்றீங்க?" என்று செம்பனைப் பார்த்தார்.

நல்லதம்பி முறத்தைக் கீழே இறக்க ஆரம்பித்துவிட்டாராம். செம்பன் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே.

செம்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பூசாரி, சுண்டை இந்த மலை பூராவும் கெடக்கு. எங்க தாத்தன், முப்பாட்டன் காலத்துலேர்ந்து அதுக்கு எரு வெச்ச முட்டாள் எவனாவது உண்டா? தண்ணி ஊத்துன மடையன் உண்டா? உலகத்துலயே இவன் ஒருத்தன்தான். நட்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? போடச் சொல்லுங்க, பசிக்குது."

பூசாரி கையைத் தூக்கினார். "நல்லதம்பி, சுண்டைக்காய்!" மேளம் ஒரு அடி.

கவனித்தீர்களா? வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வீட்டுப் பெயரோடு சொன்னார், இவருக்கு மட்டும் வெறும் நல்லதம்பி. விதிப்படி அது சரிதான். மேல்வீடு என்பது அந்த வீட்டில் பிறந்த ஆண்களுக்கு உள்ள பெயர்.

முறம் அண்டாவில் கவிழ்ந்தபோது நல்லதம்பி அழுதார் என்று கண்டக்டர் சொல்கிறார். விறகுப் புகை என்று வெள்ளையம்மாள் சொல்கிறார். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

குழம்பு? அதை ஏன் கேட்கிறீர்கள்! சுண்டையைத் தட்டித் தண்ணீரில் அலசிப் போட வேண்டும். அந்தக் கலவரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, முழுசாக விழுந்துவிட்டது. ஒரு முறம், ஒரு அண்டா, ஊருக்கே கசப்பு. பூசாரி முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாராம். செம்பன் மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாராம், ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே.

அதோ, பன்னிரண்டு. அடிவாரத்துக் காரவள்ளி வந்துவிடும். இப்போது பழத்தை எடுத்துவிடலாம்.

நான் எதற்குப் போனேன் என்றால், நூற்றிருபது நாற்றும் செத்தது என்று முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. "நீ என்ன விளக்கம் சொன்னே?" என்று கேட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துண்டுப்பிரசுரத்தில் ஒன்பதாவது குறிப்பைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எடுத்துக்கொண்டு போனேன். நல்லதம்பியிடம் நீட்டினேன். "இது இருந்துச்சே பாப்பா, நான்தான் படிச்சேனே" என்றார். புகார் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "புகாரா?" என்று வெள்ளையம்மாளைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். அடுத்த தடவை பத்து நாற்று கொண்டு வரச் சொன்னார். கத்தரி ஒட்டாமல் வெறும் சுண்டையா என்று கேட்டேன். இல்லை, ஒட்டுத்தான், இந்தத் தடவை ஒட்டுத் தெரிகிற மாதிரியே நடுகிறேன் என்றார். பாருங்கள், விளக்கம் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

கிளம்பும்போது, "சுவர்ல என் பேரு இருக்குது, பார்த்துட்டுப் போ" என்றார்.

கோயில் அடுப்புக்கூடத்துச் சுவரில் ஒவ்வொரு வருஷமும் விருந்துப் பட்டியலைக் காவியில் எழுதுவார்கள். எழுதுகிறவர் செம்பன். தேர்தலுக்குச் சுவர் எழுதப் போனவர், வேறு யாருக்கும் அந்தக் கை கிடையாது. வழியில் அவரைப் பார்த்தபோது கேட்டேன். "பூசாரி என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுதினேன், ஒரு எழுத்துக் கூட்டலை குறைக்கலை" என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

போய்ப் பார்த்தேன். பதினேழு இருந்த இடத்தில் பதினெட்டு. இரண்டு தடவை எண்ணினேன். கடைசி வரி: 'மேல்வீடு நல்லதம்பி – சுண்டைக்காய்.'

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. பூசாரி மேல்வீடு என்று சொல்லவேயில்லை. அப்படியென்றால் அந்த ஒரு வார்த்தையை நல்லதம்பியே பிறகு போய்ச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் சரிபார்ப்பது என் பழக்கம். நாற்று வாங்கிய அன்று அவர் போட்ட கையெழுத்து என் பதிவேட்டில் இருந்தது. எடுத்துச் சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். அவருடைய 'ல்' ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும். சுவரில் இருந்த 'மேல்வீடு' நிமிர்ந்து உருண்டையாக, கட்சி விளம்பரத்தில் போடுவார்களே, அந்த மாதிரி எழுத்துக்கு எழுத்து நிழல் வைத்து எழுதியிருந்தது. மேலே 'மேல்வீடு செம்பன் – பூசணி' என்ற வரியில் இருந்ததும் அதே நிழல், அதே கை.